அசெட்ஸ் மாநாட்டுக்குப் போஸ்டரோ டெமோவோ அனுப்பப் போகிறீர்களா?

கட்டுபெத்தை, ரீட் மாவத்தை, மாலபே என்று கொழும்புப் பக்கத்துப் பல்கலைக்கழகங்களில் ஒவ்வொரு வருடமும் நல்ல நல்ல கடைசி வருட புரொஜெக்டுகள் வருகின்றன. விழிப்புலனற்றவர்களுக்கான தமிழ் விசைப்பலகை, சைகை மொழி பழகும் ஆப், பஸ் இலக்கத்தை வாசித்துச் சொல்லும் கமரா என்று பிள்ளைகள் மாதக்கணக்கில் நித்திரை முழித்துச் செய்கிறார்கள். வைவா முடிந்ததும் எல்லாம் லப்டொப்பிலேயே கிடந்துவிடுகிறது. எனக்கு இது உண்மையிலேயே மனவருத்தம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அசெட்ஸ் என்பது ஏசிஎம் என்ற சர்வதேசக் கணினியியலாளர் அமைப்பின் சிக்அக்செஸ் குழு, அதாவது அணுகல்தன்மைக்கான குழு, நடத்தும் மாநாடு. மாற்றுத்திறனாளிகளும் கணினியும் என்ற துறையில் முதல் வரிசையில் இருப்பது. 1994இல் தொடங்கியது. 2022இல் ஏதென்ஸ், 2023இல் நியூயோர்க், 2024இல் கனடாவின் செயின்ட் ஜோன்ஸ், 2025இல் டென்வர் என்று ஊர் ஊராக நடந்து வருகிறது, பெரும்பாலும் ஒக்டோபரில். முழு ஆய்வுக் கட்டுரைக்கான கடைசித் திகதி வருடத்தின் முன்பாதியிலேயே போய்விடும். போஸ்டருக்கும் (ஆய்வைச் சுவரொட்டியாக வைத்து விளக்குவது) டெமோவுக்கும் (செய்ததை இயக்கிக் காட்டுவது) அதற்குப் பிறகு, அநேகமாக யூன், யூலைப் பக்கம் கடைசித் திகதி வரும். சில பக்கங்களில் ஒரு சுருக்கக் கட்டுரை எழுதி அனுப்ப வேண்டும், ஏற்றுக்கொண்டால் அது ஏசிஎம் டிஜிட்டல் நூலகத்தில் வெளியாகும். முதல் தடவை அனுப்புபவர்களுக்கு இதைவிட நல்ல வாசல் இல்லை.

முதலில் போஸ்டரா டெமோவா என்று முடிவு செய்யுங்கள். வந்தவர் கையில் கொடுத்து இயக்கிப் பார்க்கச் சொல்லக்கூடிய ஒரு பொருள் உங்களிடம் இருந்தால் டெமோ. ஆய்வு பாதி வழியில் இருக்கிறது, பத்துப் பேரிடம் நேர்காணல் செய்து சுவாரசியமான ஒன்று கிடைத்திருக்கிறது என்றால் போஸ்டர். அரைகுறையாக ஓடும் ஆப்பை டெமோ என்று அனுப்ப வேண்டாம், அதில் நீங்கள் கற்றுக்கொண்டதைப் போஸ்டராக எழுதுங்கள்.

எழுதும்போது எங்கள் ஆட்கள் வழக்கமாக விடும் பிழை, முதல் பக்கம் முழுக்கத் தொழில்நுட்பத்தை அடுக்குவது. எந்த மொடல், எத்தனை சதவீதத் துல்லியம் என்பதெல்லாம் பிறகு. யாருக்கு என்ன கஷ்டம், அதை யாரிடம் கேட்டு அறிந்தீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. கண்ணைக் கட்டிக்கொண்ட வகுப்பு நண்பர்களை வைத்துப் பரிசோதித்துவிட்டு விழிப்புலனற்றவர்களுக்கு உதவும் என்று எழுதினால் அந்த இடத்திலேயே விழுந்துவிடும். நான்கு பேரிடம்தான் பரிசோதித்தீர்களா? நான்கு பேர் என்றே எழுதுங்கள், அந்த நான்கு பேரும் சொன்னதை ஆழமாக எழுதுங்கள். ஆட்களிடம் பேசத் தொடங்குமுன் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் அனுமதியை எடுத்துவிடுங்கள். பின்தேதியிட்டு அதை வாங்க முடியாது.

சொற்களிலும் கவனம் வேண்டும். 'அவதிப்படுகிறார்', 'பாவப்பட்டவர்', 'சாதாரண மனிதரைப் போல' என்பவற்றின் ஆங்கில வடிவங்கள் எங்களை அறியாமலே கட்டுரைக்குள் நுழைந்துவிடும். சிக்அக்செஸ் இதற்கென்றே ஓர் எழுத்து வழிகாட்டி வைத்திருக்கிறது, ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்கும் நேரத்தில் வாசித்துவிடலாம். உங்களோடு வேலை செய்தவர்கள் தங்களை எப்படி அழைத்துக்கொள்கிறார்களோ அந்தச் சொல்லையே பயன்படுத்துங்கள்.

இனி நான் அதிகம் சொல்ல விரும்பும் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கட்டுரையை மதிப்பிடுபவரே ஸ்கிரீன் ரீடரில், அதாவது திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துச் சொல்லும் மென்பொருளில், வாசிப்பவராக இருக்கலாம். எங்கள் முதல் வரைவை வெள்ளவத்தையில் இருக்கும் விழிப்புலனற்ற நண்பர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவருடைய ஸ்கிரீன் ரீடரான என்விடிஏ வேகமாக வாசிக்கத் தொடங்கியது, அவர் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார். மூன்றாம் பக்கத்தில் வரைபடம் இருந்த இடம் வந்தது. என்விடிஏ 'கிராஃபிக்' என்று ஒரே சொல்லைச் சொல்லிவிட்டு அடுத்த பந்திக்குப் போய்விட்டது. அட்டவணையில் வெறும் எண்கள் வரிசையாக வந்தன, எந்த எண் எந்த நிரலுக்கு என்று தெரியவில்லை. "மச்சான், முடிவு முழுக்க அந்தப் படத்துக்குள்ளதான் இருக்குது போல, எனக்கு ஒண்டும் சொல்லேல்லையே" என்றார். அணுகல்தன்மை பற்றி எழுதிய கட்டுரை அவருக்கே அணுக முடியாமல் இருந்தது. அன்றிரவே எல்லாவற்றையும் திருத்தினோம்.

வேர்டில் எழுதுகிறீர்கள் என்றால் தலைப்புகளை வெறுமனே தடித்த எழுத்தாக்காமல் ஹெடிங் ஸ்டைலில் போடுங்கள், அட்டவணையின் முதல் வரிசையைத் தலைப்பு வரிசையாகக் குறியுங்கள், ஒவ்வொரு படத்துக்கும் அதைச் சொல்லால் விவரிக்கும் ஆல்ட் டெக்ஸ்ட் எழுதுங்கள். லேட்டெக் என்ற ஆவண மென்பொருளில் ஏசிஎம் வார்ப்புரு என்றால் அதிலுள்ள டிஸ்கிரிப்ஷன் கட்டளை இதற்குத்தான். 'படம் 2: வரைபடம்' என்பது விவரிப்பு அல்ல. 'பட்டை வரைபடம். ஆறு பேரில் ஐந்து பேருக்குப் புதிய விசைப்பலகையில் நேரம் குறைந்தது, ஒருவருக்கு மட்டும் கூடியது' என்று எழுதினால் கேட்பவருக்கு விளங்கும். பிடிஎஃப் ஆக்கும்போது 'பிரின்ட் டு பிடிஎஃப்' வேண்டாம், அது நீங்கள் கஷ்டப்பட்டுப் போட்ட குறிகளை எல்லாம் உதிர்த்துவிடும். 'சேவ் அஸ்' வழியாகப் போய், ஆவணக் கட்டமைப்புக் குறிகளைச் சேர்க்கும் தெரிவு போட்டிருக்கிறதா என்று பாருங்கள். கடைசியில் என்விடிஏயை இறக்கி, அது இலவசம்தான், திரையை அணைத்துவிட்டு முழுக் கட்டுரையையும் ஒருமுறை காதால் கேளுங்கள்.

தமிழ் உதாரணங்கள் சேர்க்கிறவர்களுக்கு இன்னொன்று. எங்கள் நாட்டில் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு இன்னும் போகவில்லை. பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் கண்ணுக்கு வடிவாகத் தெரியும், ஆனால் உள்ளே இருப்பது ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். ஸ்கிரீன் ரீடர் அதைத்தானே வாசிக்கும்! யூனிகோடில் எழுதுங்கள். சொல்லப்போனால் இந்தப் பிரச்சினையே ஒரு நல்ல போஸ்டர். வெளிநாட்டு மதிப்பீட்டாளருக்குப் பாமினி என்றால் என்னவென்றே தெரியாது, அதை மூன்று வரியில் விளக்கிச் சொன்னால் உங்கள் ஆய்வு ஏன் கொழும்பிலிருந்து வர வேண்டியிருக்கிறது என்பது அவருக்கு உடனே பிடிபடும்.

டெமோவுக்கு வீடியோ இணைக்கிறீர்கள் என்றால் பேச்சைத் திரையில் எழுத்தாகக் காட்டும் எழுத்துரை கட்டாயம், திரையில் நடப்பதை வாயாலும் சொல்லுங்கள். 'இப்போது இதை அழுத்தினால் இப்படி வரும்' என்பதால் பார்க்க முடியாதவருக்கு என்ன பயன்? 'கீழே வலப்பக்கப் பொத்தானை அழுத்துகிறேன், ஐந்து சொற்கள் வருகின்றன' என்று சொல்லுங்கள்.

பக்க எண்ணிக்கை, ஆசிரியர் பெயரை மறைப்பதா இல்லையா என்பவற்றை அந்தந்த வருட அழைப்பில் பார்த்துச் செய்யுங்கள், போன வருடம் அனுப்பிய அண்ணாவிடம் கேட்டுச் செய்யாதீர்கள். சமர்ப்பிப்பது அண்மைய வருடங்களில் பிசிஎஸ் என்ற கட்டுரைச் சமர்ப்பிப்பு இணையத்தளத்தில். அதில் கணக்குத் திறந்து தலைப்பையும் பெயர்களையும் ஒரு வாரம் முன்னரே போட்டுவிடுங்கள். கெடு 'ஏஓஈ' நேரம், அதாவது பூமியின் எந்த மூலையிலும் அந்த நாள் முடியும்வரை, என்று போட்டிருந்தால் எங்கள் கணக்கில் மறுநாள் மாலை 5.29. ஒரு பகல் கூடக் கிடைக்கிறதே என்று அதுவரை இழுக்க வேண்டாம், அந்தப் பகலை மேற்பார்வையாளரின் கடைசித் திருத்தத்துக்கு வையுங்கள்.

ஏற்றுக்கொண்டார்கள் என்று மின்னஞ்சல் வந்தால் அன்றைக்கே விசா அலுவலைத் தொடங்குங்கள், அழைப்புக் கடிதம் கேளுங்கள், மாணவர் கட்டணத்தில் பதிவு செய்யுங்கள். போஸ்டரைத் துணியில் அச்சிட்டால் மடித்துப் பெட்டிக்குள் வைக்கலாம். ஏ0 என்றால் 841க்கு 1189 மில்லிமீற்றர், ஆனால் பலகையின் அளவை அறிவித்தலில் பார்த்துவிட்டே அச்சுக்குக் கொடுங்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான நிற வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும்.

போஸ்டரின் முன் நின்று பேசுவதையும் பழகிக்கொண்டு போங்கள். வெள்ளைப் பிரம்போடு ஒருவர் வந்தால் உங்கள் பெயரைச் சொல்லி, போஸ்டரில் என்ன இருக்கிறது என்று இரண்டு நிமிடம் சொல்லிவிட்டு, எந்தப் பகுதி வேண்டும் என்று கேளுங்கள். செவிப்புலனற்றவர் மொழிபெயர்ப்பாளரோடு வந்தால், பேசும்போது அவர் முகத்தையே பாருங்கள், மொழிபெயர்ப்பாளரின் முகத்தை அல்ல. டெமோ மேசையில் சக்கர நாற்காலிக்கு இடம் விடுங்கள். அமெரிக்காவிலோ கனடாவிலோ மாநாடு என்றால் அங்கே 120 வோல்ட், பிளக்கும் வேறு. எங்கள் 230 வோல்ட்டுக்கு மட்டும் செய்த சாதனம் அங்கே ஓடாது, சார்ஜரில் 100 முதல் 240 வரை என்று எழுதியிருக்கிறதா என்று இங்கேயே பார்த்துவிட்டுப் பெட்டியைக் கட்டுங்கள்.