தூரத்து நண்பர்களோடு பருவ வேலைகளைப் பகிர்ந்துகொள்வது எப்படி

"இங்கே எல்லாரும் நலம், மழை பரவாயில்லை, வேலை தலைக்கு மேலே கிடக்கிறது." இப்படி ஒரு கடிதம் வந்தால் என்ன பதில் எழுதுவீர்கள்? "இங்கேயும் அப்படித்தான்" என்றுதானே? இரண்டு மூன்று தடவை இப்படிப் போய் வந்ததும் பேச்சு வற்றிவிடும். நாங்கள் நான்கு பேர், ஆளுக்கொரு தேசத்தில், கோழி ஆடு கொஞ்சம் நிலம் என்று கிராமத்தில் இருப்பவர்கள். எங்கள் பேச்சும் ஒருமுறை அடியோடு வற்றிப்போய், எழுதும் முறையை மாற்றிய பிறகுதான் திரும்ப ஊறத் தொடங்கியது. அந்த முறையைத்தான் இங்கே சொல்கிறேன்.

அடிப்படை ரொம்பச் சின்னது. நலம் விசாரிப்பதைக் குறைத்துக்கொண்டு, செய்த வேலையை எழுதுங்கள். என்றைக்குச் செய்தீர்கள், எவ்வளவு, எத்தனை பேர், எங்கே இடறியது. இவ்வளவு இருந்தால் எதிர்ப்பக்கம் இருப்பவருக்குக் கேட்க ஏதாவது கிடைத்துவிடும்.

எப்போது எழுதுவது என்பதை முதலில் முடிவு செய்துவிடுங்கள். "நேரம் கிடைக்கும்போது" என்று விட்டால் கிராமத்தில் நேரம் கிடைக்கவே கிடைக்காது. நாங்கள் பௌர்ணமியை வைத்துக்கொண்டோம். யார் எந்தக் கண்டத்தில் இருந்தாலும் நிலா எல்லாருக்கும் ஒரே சமயத்தில்தான் நிறைகிறது, நேர வித்தியாசத்தால் தேதி ஒரு நாள் முன்னே பின்னே போகலாம், அவ்வளவுதான். ஒரு பௌர்ணமியிலிருந்து அடுத்ததற்குச் சராசரியாக இருபத்தொன்பதரை நாள், ஆக வருஷத்துக்கு 12 கடிதம், சில வருஷம் 13. நாள்காட்டியைப் பார்க்க வேண்டியதில்லை, தொழுவத்துக் கதவைச் சாத்த வெளியே வந்தால் வானமே ஞாபகப்படுத்திவிடும். பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பவருக்கு அதே நிலா தலைகீழாகத் தெரியும் என்பது எனக்கு நண்பர் சொல்லித்தான் தெரிந்தது.

ஆனால் எழுத்தை அந்த ஒரு நாளுக்கு மொத்தமாகச் சேர்த்து வைக்காதீர்கள். வேலை முடிந்த அன்றைக்கே, முடிந்தால் கைகால் கழுவுவதற்கு முன்பே, ஒரு வரி குறித்துவிட வேண்டும். கதவுக்குப் பின்னால் ஒரு நோட்டும் கயிற்றில் கட்டிய பென்சிலும் போதும். பேனா வேண்டாம், ஈரக் கைக்குத் தாங்காது. ராத்திரி எழுதலாம் என்று தள்ளிப்போட்டால் "இன்று களை எடுத்தேன்" என்பது மட்டும்தான் மிஞ்சும். களைக்கு நடுவே முட்டையோடு ஒரு குருவிக் கூடு இருந்ததும், அந்த ஒரு முழம் இடத்தை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றி எடுத்ததும் மறந்துபோகும். நண்பர் கேட்க விரும்புவது அந்த ஒரு முழத்தைப் பற்றித்தான்.

பௌர்ணமியன்று நோட்டைப் பார்த்துச் சேர்த்து எழுதினால் இந்த மாதிரி வரும்:

"காலையில் நல்ல பனி, வரப்பில் நடந்தால் முழங்கால் வரை நனைகிறது. கிணற்று நீர் தரையிலிருந்து 18 அடி கீழே, போன தடவை 15. மேற்குப் பக்கம் களை முடிந்தது, 2 பேர், ஒன்றரை நாள். கருப்பி குட்டி போட்டாள், இரண்டும் கிடா, ஒன்று எழுந்து நிற்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டது, இப்போது அதுதான் ஓட்டம். கூரையின் வடக்கு மூலை இன்னும் ஒழுகுகிறது. ஆட்டுக் குளம்பை நீ எதை வைத்து வெட்டுகிறாய்?"

இதில் நடை அழகு ஒன்றுமில்லை, தேவையுமில்லை. "இன்னும் ஒழுகுகிறது" என்ற வரியை மட்டும் பாருங்கள். நான் அதைத் தொடர்ந்து நான்கு கடிதத்தில் எழுதியிருந்தேன். நான்காவதற்குப் பதிலாக நண்பர் ஒரு கேள்விதான் கேட்டார்: "மழை ஆரம்பித்தவுடனே சொட்டுகிறதா, கொஞ்ச நேரம் கழித்தா?" அடுத்த மழையில் உட்கார்ந்து கவனித்தேன். கால் மணி நேரம் கழித்துத்தான் முதல் சொட்டு விழுந்தது. "அப்படியானால் ஓட்டை அங்கே இல்லை, மேலே எங்கோ இறங்கிக் கட்டை வழியாக வழிந்து வருகிறது, சொட்டுகிற இடத்துக்கு மேலே தேடு" என்றார். இரண்டு கை தூரத்துக்கு மேலே ஒரு ஓடு நகர்ந்திருந்தது. அதுவரை சொட்டுகிற இடத்தையே நான் மூன்று தடவை பூசியிருக்கிறேன்.

அடுத்தது மாதப் பெயர்கள். வெவ்வேறு தேசத்து நண்பர்கள் என்றால் இதில் கவனமாக இருங்கள். தெற்கே இருக்கும் நண்பர் ஒருமுறை, "ஜூலையில் பழமரத்துக்குக் கிளை கழித்தேன், அடுத்த பருவம் நன்றாகப் பூத்தது" என்று எழுதியிருந்தார். நான் இருப்பது வடக்கே. ஜூலை என்றதும் யோசிக்காமல் கத்தியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். அவருக்கு அது நடுக்குளிர், மரம் இலை உதிர்த்து உறங்குகிற நேரம். எனக்கோ நடு வெயில் காலம். குளிருக்கு இலை உதிர்க்கும் பழமரங்களில் பலவும் அடுத்த வருஷத்து மொட்டை இந்த வெயில் காலத்திலேயே கட்ட ஆரம்பித்துவிடும், நான் அதையும் சேர்த்து நறுக்கித் தள்ளியிருக்கிறேன். அடுத்த வருஷம் மரத்தில் பத்துப் பூ இருந்தால் அதிகம். நண்பர் மீது தப்பில்லை, அவர் சரியாகத்தான் சொன்னார்.

அதிலிருந்து மாதத்தை விட்டுவிட்டு, நடந்ததைக் கொண்டு காலத்தைச் சொல்கிறோம். "முதல் மழைக்கு 10 நாள் கழித்து", "இலை பாதி உதிர்ந்ததும்", "தவளை கத்த ஆரம்பித்த வாரம்" என்றால் எந்தத் தேசத்தில் இருப்பவருக்கும் புரியும். தேதியையும் பக்கத்தில் போட்டு வையுங்கள், அது உங்களுக்கே பின்னால் உதவும். இது ஒன்றும் புதிதல்ல. இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் ராபர்ட் மார்ஷம் என்பவர் 1736-இலிருந்து, தவளை முதலில் கத்திய நாள், தகைவிலான் குருவி முதலில் கண்ணில் பட்ட நாள், ஓக் மரம் துளிர்த்த நாள் என்று குறித்து வந்தார். அவருக்குப் பிறகு குடும்பத்தார் 1958 வரை அதைத் தொடர்ந்தார்கள். ஹாம்ப்ஷையரில் இருந்த கில்பர்ட் வைட்டும் இதே மாதிரி குறித்து வைக்கிற ஆள். இருவரும் 1790-இல் தொடங்கி வைட் இறந்த 1793 வரை கடிதம் எழுதிக்கொண்டார்கள். இரண்டு வயதானவர்கள் உட்கார்ந்து எழுதிய அந்தத் தேதிகளைப் பருவம் எப்படி நகர்கிறது என்று ஆராய்பவர்கள் இன்றும் எடுத்துப் பார்க்கிறார்கள்.

அளவுக்கு வருவோம். "நல்ல மழை" என்பது ஆளுக்கு ஆள் மாறும். பக்கவாட்டுச் சுவர் நேராக நிற்கிற ஒரு டப்பாவைத் திறந்தவெளியில் வையுங்கள். பக்கத்தில் சுவரோ மரமோ இருந்தால் அதன் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தள்ளி இருக்கட்டும். காலையில் உள்ளே ஸ்கேலை விட்டால் மில்லிமீட்டர் தெரிந்துவிடும். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1 லிட்டர் தண்ணீர். 50 சதுர மீட்டர் கூரையில் 20 மில்லிமீட்டர் பெய்தால் ஆயிரம் லிட்டர் வழிந்து போகிறது என்று அர்த்தம், சிந்திச் சிதறியது போகப் பிடித்து வைக்கலாம். எங்களில் ஒருவர் தொட்டி கட்ட முடிவெடுத்ததே ஒரு வருஷம் இப்படி எழுதிய கணக்கைக் கூட்டிப் பார்த்த பிறகுதான்.

இனி, எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. செய்திகளை மட்டும் பரிமாறிக்கொண்டால் போதாது, ஒரே வேலையை எல்லாரும் ஒரே சமயத்தில் செய்து பாருங்கள். எங்களுக்கு நன்றாக அமைந்தது விறகுக் கட்டை. பச்சை மரத்தில் எடையில் பாதி அளவுக்குத் தண்ணீரே இருக்கும். அது 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால்தான் புகையில்லாமல் எரியும். எப்போது இறங்கியது என்று தெரிந்துகொள்ள மீட்டர் எதுவும் வேண்டாம். பிளந்த அன்றைக்கு ஒரு கட்டையை எடுத்துச் சமையலறைத் தராசில் நிறுத்து, எடையைச் சுண்ணக்கட்டியால் அதன் மேலேயே எழுதி, அடுக்கின் நடுவில் கைக்கு எட்டுகிற மாதிரி சொருகிவிடுங்கள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி உருவி எடுத்து நிறுங்கள். என் கட்டை 2.4 கிலோவில் தொடங்கியது. முதல் மாதம் வேகமாகக் குறைந்தது, அப்புறம் மெதுவாக, கடைசியில் 1.5 கிலோவில் நின்றுவிட்டது. எடை நின்றுவிட்டால் அந்த இடத்துக் காற்றுக்கு அது காய்ந்தது காய்ந்ததுதான். இதற்குள் கட்டையின் முனையில் கதிர் கதிராக வெடிப்பு விட்டிருக்கும், இரண்டை ஒன்றோடொன்று தட்டினால் "தொப்" என்ற சத்தம் போய் "டங்" என்று கேட்கும். ஈரமான ஊரில் இருக்கும் நண்பரின் கட்டை என்னுடையது நின்று ஐந்து மாதமாகியும் குறைந்துகொண்டே இருந்தது. அவர் அடுக்கின் மேலே மட்டும் மூடிப் பக்கவாட்டைத் திறந்து விட்டதும் வேகம் பிடித்தது. அதுவரை முழுக்கப் போர்த்தி வைத்திருந்தார், ஈரம் வெளியே போக வழியில்லை. நான்கு தேசத்தில் நான்கு கட்டை, யாருடையது முதலில் "டங்" என்கிறது என்று ஒரு போட்டியே நடந்தது.

அடை வைப்பதையும் இப்படிச் சேர்ந்து செய்யலாம். கோழி முட்டைக்கு 21 நாள், வாத்துக்கு 28. முட்டையைக் குளுமையான இடத்தில் ஒரு வாரம் வரை சேர்த்து வைக்கலாம் என்பதால் இரண்டு வீட்டிலும் ஒரே நாளில் வைக்க முடியும். ஏழாம் நாள் இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால் கரு கட்டிய முட்டைக்குள் சிவப்பு நரம்பு சிலந்திக்கால் மாதிரி பரவியிருக்கும், கட்டாதது வெறுமையாகத் தெரியும். எங்கள் இரண்டு வீட்டிலும் பத்துப் பத்து வைத்தோம். எனக்கு ஏழு பொரித்தது, அவருக்கு மூன்றுதான். காரணம் தேடியே அடுத்த இரண்டு கடிதம் ஓடியது. ஒன்று மட்டும், எதிர்ப் பருவத்தில் இருப்பவரோடு இது சரிப்படாது. உங்களுக்குப் பகல் நீளும்போது அவருக்குக் குறையும், பகல் 14 மணி நேரத்துக்குக் கீழே இறங்கினால் கோழி முட்டையைக் குறைத்துக்கொள்ளும். அவர் கோழி ஓய்வெடுக்கிற சமயத்தில் "ஏன் இன்னும் வைக்கவில்லை" என்று நச்சரித்தால் பாவம் அவர் என்ன செய்வார்?

விதை அனுப்பலாமா என்று எல்லாருக்கும் ஆசை வரும். வெளிதேசத்துக்கு என்றால் வேண்டாம். தாவர நலச் சான்றிதழ் இல்லாத விதையையும் மண்ணையும் பல தேசங்களில் உள்ளே விடுவதில்லை, பிடித்து அழித்துவிடுவார்கள். அது நியாயமும்கூட, ஒரு பூச்சியோ நோயோ அப்படித்தான் கடல் தாண்டுகிறது. அதற்குப் பதில் முளைப்புக் கணக்கை அனுப்புங்கள். 20 விதையை ஈரத்துணியில் சுருட்டி வைத்து முளைத்ததை எண்ணுங்கள், 14 என்றால் 70 சதவீதம். எப்படிக் காய வைத்தீர்கள், எதில் வைத்தீர்கள் என்பதையும் எழுதுங்கள், வித்தியாசம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

படம் எடுத்தால் பக்கத்தில் ஒரு தீப்பெட்டியோ உங்கள் கையோ இருக்கட்டும், இல்லாவிட்டால் புழு எவ்வளவு பெரிது என்று யாருக்கும் தெரியாது. குரல் பதிவு இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பால் கறந்துகொண்டே பேசினால் நன்றாகவே இருக்கும், பாத்திரத்தில் பால் விழுகிற சத்தமும் கூட வரும்.

யோசனை சொல்வதில்தான் மனஸ்தாபம் வரும். கேட்காமல் சொல்லாதீர்கள். "நான் அங்கே இருந்தால் இப்படிச் செய்திருப்பேன்" என்று ஆரம்பிக்கும் எந்த வரியையும் அழித்துவிடுங்கள், நீங்கள் அங்கே இல்லை, அந்த மண்ணை மிதித்ததும் இல்லை. என் கூரைக்கு நண்பர் செய்ததைப் போலக் கேள்வியாகக் கேளுங்கள். போன வருஷக் கடிதத்தை எடுத்து "பார், அன்றைக்கே சொன்னேன்" என்பதும் கூடாது. கெட்டுப்போனதை எழுத ஒருவர் கூச்சப்படுகிறார் என்று தெரிந்தால், முதலில் உங்களுடையதை எழுதுங்கள். என் பத்துப்பூ மரத்தை நான் எழுதிய பிறகுதான் மற்றவர்களின் செத்த கன்றும் பூசணம் பிடித்த தானியமும் வெளியே வந்தன.

அறுவடைக் காலத்தில் யாரும் நீளமாக எழுத மாட்டார்கள், எதிர்பார்க்கவும் கூடாது. அதற்கு எங்களிடம் ஒரு வார்த்தை உண்டு: "அறுப்பு". அதை மட்டும் அனுப்பினால் போதும், ஆள் உயிரோடு வயலில் இருக்கிறார் என்று புரிந்துகொள்வோம்.

ஆனால் அந்த ஒரு வார்த்தைகூட இல்லாமல் இரண்டு பௌர்ணமி கடந்தால் நாமாக எழுத வேண்டியதுதான். அப்போதும் "என்ன ஆச்சு, ஏன் பேச்சே இல்லை" என்று கேட்கக் கூடாது, அது பதில் சொல்லச் சங்கடமான கேள்வி. எங்களில் ஒருவர் வீட்டில் நோய் வந்து நீண்ட நாள் எழுதாமல் இருந்தபோது நான் இப்படித்தான் கேட்டேன்: "உன் கட்டை இப்போது எத்தனை கிலோ?" மறுநாள் காலை பதில் வந்தது. "1.7. நீ கேட்டதால்தான் போய் எடுத்தேன். மேலே ஒரு பல்லி முட்டை வைத்திருந்தது, பதமாகத் திரும்ப வைத்துவிட்டேன்."