தேங்காய்ப்பால் ஏகவினக் கலவையா? வீட்டிலேயே சோதித்துப் பார்க்கும் முறை

கலவைகளை வகைப்படுத்தப் பழகும் பிள்ளைகள் பெரும்பாலும் தடுமாறுவது தேங்காய்ப்பாலில்தான். கட்டியோ கசடோ இன்றி ஒரே வெள்ளையாக இருப்பதால், உடனே ஏகவினக் கலவை (கூறுகள் எங்கும் சமமாகப் பரவியிருப்பது) என்று எழுதிவிடுகிறார்கள். கண்ணால் பார்த்தது போதாது. பின்வரும் சோதனைகளையும் வரிசைப்படி செய்து பாருங்கள்.

முதலில், கையில் இருப்பது கலவைதானா என்று உறுதிசெய்யுங்கள். சீனி ஒரு சேர்வை, அதாவது மூலகங்கள் இரசாயன முறையில் சேர்ந்த ஒரே தூய பொருள். அதை நீரில் கரைத்த பிறகே கலவை உண்டாகிறது. சம்பலிலும் மிக்சரிலும் கூறுகள் தனித்தனியே தெரிவதால், அவை பல்லினக் கலவைகள் (கூறுகள் சமமாகப் பரவாதவை) என்று தயங்காமல் எழுதலாம்.

அடுத்தது, அசையாமல் வைத்துப் பார்ப்பது. உப்புவெளிக் கரையில் அலை புரளும் இடத்திலேயே ஒரு போத்தல் கடல்நீர் அள்ளுங்கள். மணல் சுழலும் அந்த நீர் பல்லினக் கலவை. ஒரு மணிநேரத்தில் மணல் அடியில் படிந்ததும், மேல்நீரை வடிதாளில் வடித்து, வடித்த நீரின் மேற்பகுதியிலிருந்து ஒரு கரண்டியும் அடிப்பகுதியிலிருந்து ஒரு கரண்டியும் எடுத்து இரண்டு தட்டுகளில் வெயிலில் காயவையுங்கள். இரண்டிலும் ஒரே அளவு உப்பு படியும். ஒரு கிலோகிராம் கடல்நீரில் சராசரியாக 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. அவை எங்கும் சமமாகப் பரவியிருப்பதால் வடித்த நீர் ஏகவினக் கலவை ஆகிறது. அள்ளிய இடம் ஒன்றாக இருந்தாலும், வடிப்பதற்கு முன்னும் பின்னும் விடை வேறு என்பதைக் கவனியுங்கள்.

இதே நேரத்தில், முதற்பாலைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி வைத்திருந்தால், தடித்த பாலாடை மேலேயும் மங்கலான நீர் கீழேயும் பிரிந்து நிற்பதைக் காண்பீர்கள். தேங்காய்ப்பால் என்பது நீருக்குள் சிதறியிருக்கும் நுண்ணிய எண்ணெய்த் துளிகள்; நீரைவிட இலேசானவை என்பதால் அவை மெல்ல மேலெழுகின்றன. ஆகவே அது பல்லினக் கலவைதான்.

ஆனால் பால்மா கரைத்த பால் ஒரு மணிநேரத்தில் இப்படிப் பிரியாது. அதற்குத்தான் ஒளிச் சோதனை வேண்டும். கொதித்தாறிய நீர் இரண்டு குவளைகளில் எடுத்து, ஒன்றில் சீனியைக் கரையுங்கள். மற்றதில் பால் இரண்டு மூன்று துளிகள் மட்டும் விடுங்கள். அறையை இருட்டாக்கி, கைபேசி ரோர்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள். சீனிக் கரைசலில் ஒளி செல்லும் பாதை தெரியாது. பால் விட்ட நீரிலோ அது புகைபோன்ற வெண்கோடாகத் துலங்கும். கரைசலின் துணிக்கைகள் 1 நனோமீற்றரிலும் சிறியவை. பாலில் உள்ளவை அதைவிடப் பெரியவை என்பதால் ஒளியைச் சிதறடிக்கின்றன. இதனைத் தின்டால் விளைவு என்பர். ஆகவே பாலும் பல்லினக் கலவைதான். வடித்த கடல்நீரிலும் இக்கோடு தெரிந்தால், நுண்ணிய களி இன்னும் மிஞ்சியிருக்கிறது; மறுபடியும் வடியுங்கள்.

பிளேன்ரீயை நான் எப்போதும் கடைசியாகவே கொடுப்பேன். வடித்த சூடான தேநீர் தெளிவாக இருப்பதால் அதை ஏகவினம் என்று கொள்வது வழக்கம். ஆனால் கடும் சாயமாக ஊற்றிய தேநீர் நன்றாக ஆறியதும், அதில் கரைந்திருந்த சில பொருட்கள் ஒன்றோடொன்று சேர்ந்து கலங்கிவிடும். எனவே வகையை எழுதும்போது, சூடாக இருக்கையில் பார்த்தீர்களா, ஆறிய பின் பார்த்தீர்களா என்பதையும் அருகிலேயே குறித்துவையுங்கள்.