ஜாக்கெட் காதுவரைக்கும் ஏறுதா? செய்லிங் பண்ற பொண்ணுங்க பாயன்ஸி எய்ட் பாத்து எடுக்கறது எப்படி

மொத தடவை பாய்மரப் படகு கவுந்தப்ப எனக்கு தண்ணியப் பாத்து பயம் வரலைங்க, போட்டிருந்த ஜாக்கெட்டப் பாத்துதான் வந்துச்சு. கத்துக்கிட்ட எடத்துல பொதுவா தொங்கிட்டு இருந்ததுல ஒண்ண எடுத்து மாட்டியிருந்தேன், தண்ணில விழுந்ததும் அது மட்டும் மேல மெதந்து காதுகிட்ட வந்து உக்காந்துக்கிச்சு, நான் கீழ தொங்குறேன், ரெண்டு பக்கமும் ஒண்ணும் தெரியல. அதனால கடைக்குப் போறதுக்கு முன்னாடி இதப் படிச்சிட்டுப் போங்க.

மொதல்ல ஒரு கொழப்பத்த தீத்துக்குவோம். பாயன்ஸி எய்ட் (தண்ணில மெதக்க ஒத்தாசை பண்ற ஃபோம் ஜாக்கெட்) வேற, லைஃப் ஜாக்கெட் வேற. எய்டுல 50 நியூட்டன்னு (மேல தூக்குற விசையோட அளவு) போட்டிருக்கும், அதாவது கிட்டத்தட்ட 5 கிலோவ தூக்கிப் பிடிக்கும். நீச்சல் தெரிஞ்சு, பக்கத்துல ரெஸ்க்யூ படகும் இருந்தா அது போதும். ஆனா மயக்கமாயிட்டா மூஞ்சிய மேல திருப்பி விடாது. நீச்சல் தெரியாதுன்னாலோ, கரையவிட்டு ரொம்ப தூரம் போறதுன்னாலோ 100, 150 நியூட்டன் லைஃப் ஜாக்கெட்டுக்குப் போயிடுங்க. எய்டுதான் வாங்குறீங்கன்னா உள்பக்க லேபிள்ல ஐஎஸ்ஓ 12402-5ன்னு (எய்டுக்கான சர்வதேச தர நம்பர்) இருக்கான்னும் பாருங்க.

அடுத்து அளவு. சுடிதார் எல் சைஸ்தானே, இதுவும் எல் எடுத்துக்கலாம்னு போகாதீங்க. செய்லிங்குக்குப் போடுற ஸ்போர்ட்ஸ் பிரா, ரேஷ்கார்டு (தோல் உரசாம இருக்க போடுற ஒட்டுன சட்டை) ரெண்டையும் போட்டுக்கிட்டு மார்புல பெருசா இருக்கற எடத்துல டேப் வைங்க. அந்த சென்டிமீட்டர், உங்க வெயிட் ரெண்டும் லேபிள்ல இருக்கறதோட ஒத்துப் போகணும். கம்பி வச்ச பிரா வேண்டவே வேண்டாம், ஃபோம் அமுக்குறப்ப விலாவுல குத்தும்.

இப்போ கட். யுனிசெக்ஸ்ல முன்னாடி பலகை மாதிரி ஒரே ஃபோம், அது மார்புல முட்டி மொத்த ஜாக்கெட்டையும் மேல தள்ளும், நம்ம பிரச்சினையே அங்கதான் ஆரம்பிக்குது. லேடீஸ் கட்ல ஃபோம சின்னச் சின்னதா பிரிச்சோ வளைச்சோ வச்சிருப்பாங்க, ஒடம்பு நீளமும் கம்மியா இருக்கும். சிலது வெறும் பிங்க் கலர் அடிச்ச அதே பலகைதான், ஏமாந்துடாதீங்க! ஒல்லியா இருக்கறவங்களுக்கு யுனிசெக்ஸே நல்லா உக்காரும், கூடுதல் காசு குடுக்கணும்னு இல்ல.

போடுற வரிசை முக்கியம். எல்லா ஸ்ட்ராப்பையும் லூஸ் பண்ணிட்டு மாட்டி, ஜிப்ப போட்டு, இடுப்பு பெல்ட்ட மொதல்ல இறுக்குங்க, அப்புறம் சைடு, கடைசியாதான் தோள். தோள மொதல்ல இறுக்குனா ஜாக்கெட் இடுப்புக்கு மேல ஏறிடும், அப்புறம் என்ன இறுக்குனாலும் நிக்காது.

இப்ப கூட வந்தவங்கள ரெண்டு தோள் ஸ்ட்ராப்பையும் புடிச்சு மேல இழுக்கச் சொல்லுங்க. தாடை, காதுவரைக்கும் வந்துச்சுன்னா வேற சைஸ். அப்புறம் வெக்கப்படாம கடைத் தரையிலயே கால நீட்டி உக்காருங்க, குனிஞ்சு பாருங்க, மூச்ச நல்லா இழுத்து விடுங்க. அடி விளிம்பு தொடையில இடிச்சு தாடைக்கு வந்தா நீளம் ஜாஸ்தி. கைய முன்னாடி பின்னாடி ஒரு இருபது தடவ கயிறு இழுக்கற மாதிரி ஆட்டுங்க, அக்குள்ல லேசா உரசுனாலும் வேண்டாம், நம்ம சென்னை வேர்வையும் உப்புத்தண்ணியும் சேந்தா சாயங்காலத்துக்குள்ள புண்ணாயிடும்.

எந்தப் படகுன்னும் யோசிங்க. ஒலிம்பிக் செய்லிங்குக்கு குவாலிஃபை ஆன முதல் இந்தியப் பொண்ணு, நம்ம சென்னை நேத்ரா குமணன் ஓட்டின லேசர் ரேடியல் (இப்ப அதுக்கு ஐஎல்சிஏ 6ன்னு பேரு) மாதிரி ஒத்தை ஆள் படகுல பூம், அதாவது பாயோட அடியில இருக்கற குறுக்குக் கம்பு, ரொம்ப தாழ்வா வரும், ஒவ்வொரு தடவ திரும்பறப்பவும் குனிஞ்சு போகணும். முதுகு தடியா இருந்தா பூம் இடிக்கும், வெளிய தொங்குற பக்கிள்ல மெயின்ஷீட் (பெரிய பாய இழுக்கற கயிறு) மாட்டிக்கும். முன்பக்கம் புடைச்ச பாக்கெட்டும் அப்படித்தான், கவுந்த படகுல திரும்ப ஏறுறப்ப விளிம்புல சிக்கும். ட்ரபீஸ் (படகுக்கு வெளிய சாஞ்சு நிக்க மாட்டிக்கற கம்பி) போடுறவங்களுக்கு ஹார்னஸ் (ஒடம்புல கட்டிக்கற பட்டை) கொக்கிய மறைக்காத குட்டை மாடல்தான் சரி. கலர் ஆரஞ்சு, மஞ்சள், சிவப்புன்னு எடுங்க, நீலம் கடல்ல கண்ணுக்கே தெரியாது.

வாங்கினதும் பில்ல தூக்கிப் போடாதீங்க. கடையில மாத்தித் தருவாங்களான்னு கேட்டு வச்சுக்கிட்டு, ஆழம் கம்மியான நீச்சல் குளத்துல எறங்கி கால மடக்கி மெதந்து பாருங்க, வாய் தண்ணிக்கு மேல இருக்கணும், ஜாக்கெட் இருந்த எடத்துலயே இருக்கணும். அப்புறம் ஒவ்வொரு தடவையும் நல்ல தண்ணில அலசி நிழல்ல காயப் போடுங்க. படகுல அத மடிச்சுப் போட்டு மேல உக்காராதீங்க, ஃபோம் அமுங்கிப் போயிடும்.