ஊதியே கெடுத்த கேசட்

கோலாலம்பூர் செந்தூலில் அம்மா வீட்டு ஸ்டோர் அறையில் எங்கள் பழைய ஃபேமிகாம், அதாவது நின்டெண்டோ வீடியோ கேம் பெட்டி, கிடைத்தது. 1983இல் ஜப்பானில் வெளியான பெட்டி. தீபாவளிக்கு அப்பா வாங்கித் தந்தார். மாரியோ முதன்முதலில் குதித்தபோது அண்ணனும் நானும் சேர்ந்தே குதித்தோம்.

இப்போது கேம் கேசட்டைப் போட்டால் திரையில் வெறும் கட்டங்கள். அந்தக் காலத்தில் படம் வராவிட்டால் கேசட்டைக் கழற்றி ஊதுவோம். படம் வந்தது ஊதியதால் அல்ல, கழற்றி மீண்டும் செருகியதால்தான். மூச்சின் ஈரமோ அதன் 60 உலோக முனைகளையும் மெல்ல மெல்ல அரித்துவிடும். எத்தனை வருடம் ஊதியிருப்போம்!

பார்மசியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் வாங்கி, பஞ்சுக்குச்சியில் நனைத்து, பஞ்சில் கறுப்பு ஒட்டுவது நிற்கும் வரை அந்த முனைகளைத் துடைத்தேன். நன்றாகக் காயவிட்டேன். பிறகு சில தடவை செருகி எடுத்தேன், பெட்டியின் உள்முனைகளும் சுத்தமாகட்டும் என்று.

அடாப்டரில் மட்டும் கவனம் வேண்டும். ஜப்பானில் வாங்கியது 100 வோல்ட்டுக்கானது. நம் வீட்டு 230 வோல்ட்டில் நேரே செருகினால் கருகிவிடும்.

நான்காவது முயற்சியில் அந்த இசை வந்தது. அம்மா சமையலறையிலிருந்து ஓடி வந்தார். உடனே அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"டேய், முதல் கண்ட்ரோலர் எனக்கு!" என்றார் அண்ணன்.

சனிக்கிழமை பினாங்கிலிருந்து வருகிறார்.