கம்யூனிட்டி மேனேஜர் வேலை: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மொரீஷியஸின் எபென் சைபர் சிட்டியில் கம்யூனிட்டி மேனேஜராக, அதாவது ஒரு நிறுவனத்தின் பயனர்கள் கூடிப் பேசும் இணையக் குழுவைப் பார்த்துக்கொள்கிறவராகச் சேரும் தம்பி தங்கைகள் அவ்வப்போது என்னைக் கூப்பிட்டு யோசனை கேட்பார்கள். நாங்கள் எல்லாம் ஒரு காலத்தில் செய்து கையைச் சுட்டுக்கொண்ட அதே காரியங்களை இவர்களும் வரிசை மாறாமல் செய்வதைப் பார்க்கிறேன். கோபத்தில் பதில் எழுதக் கூடாது, எழுத்துப் பிழை பார்க்க வேண்டும், யாரையும் மட்டம் தட்டக் கூடாது என்பதெல்லாம் சொல்லாமலே தெரிந்தவை, விட்டுவிடுகிறேன். செய்கிறபோது தவறு என்றே தெரியாத சிலவற்றை மட்டும் சொல்கிறேன். அதிலும் முதலாவதுதான் முக்கியம்.

மூத்த பயனர்களும் ஊரோடு ஊராகச் செய்தியைத் தெரிந்துகொள்ளட்டும் என்று விடுவது

எந்தக் கம்யூனிட்டியிலும் வாய் திறக்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான். இணையதளப் பயன்பாட்டு நிபுணர் யாக்கோப் நீல்சன் 2006-ல் எழுதிய 90-9-1 கணக்கு இந்த வேலையில் எல்லோருக்கும் தெரியும்: நூறு பேரில் 90 பேர் படித்துவிட்டுப் போய்விடுவார்கள், 9 பேர் எப்போதாவது எழுதுவார்கள், ஒரே ஒருவர்தான் பெரும்பகுதியை எழுதுவார். எண்கள் இடத்துக்கு இடம் மாறும், சாய்வு மாறாது. அந்த ஒருவரைப் போன்றவர்களைத்தான் மூத்த பயனர்கள் என்கிறேன். மொத்த ஜனத்தொகையே 12 லட்சத்தைச் சற்றுத் தாண்டுகிற மொரீஷியஸில் அந்த ஒரு சதவீதத்தை ஒரே மேசையைச் சுற்றி உட்கார வைத்துவிடலாம். அவர்கள் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள், கோயிலிலும் கல்யாணத்திலும் பார்த்துக்கொள்கிறவர்கள். நம் நிறுவனத்தைப் பற்றி அவர்கள் சொல்கிற வார்த்தைக்கு நாம் போடும் விளம்பரத்தைவிட மதிப்பு அதிகம்.

நான் முன்பு இருந்த ஒரு நிறுவனம் சிறு கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் செய்து விற்றது. நான் அப்போது சப்போர்ட் பிரிவில் இருந்தேன். பயனர்களில் ரோஸ் ஹில்லில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த ஒரு பெரியவர் உண்டு, பேரன் பேத்தி எடுத்தவர். பேசுவது இங்கத்து மக்கள் மொழியான கிரியோலில்தான், என்னை மட்டும் "தம்பி" என்பார், நான் "ஐயா" என்பேன். கடையைப் பூட்டிய பிறகு கல்லாவுக்குப் பக்கத்திலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து மற்றவர்களின் கேள்விகளுக்குப் பதில் எழுதுவார். பதினைந்து சதவீத வாட் பில்லில் சரியாக விழவில்லையா, ரசீது பாதியில் நின்றுவிட்டதா, தன் கடைத் திரையையே போனில் படம் எடுத்து, விரலால் சிவப்பு வட்டம் போட்டு, இங்கே அமுக்குங்கள் என்று காட்டுவார். நாங்கள் எழுதி வைத்த உதவிப் பக்கங்களை யாரும் படிக்க மாட்டார்கள். அவருடைய சிவப்பு வட்டம்தான் எல்லோருக்கும் புரியும்.

அந்த மென்பொருளில் இணையம் இல்லாமலே பில் போடும் வசதி ஒன்று இருந்தது. சூறாவளிக் காலத்தில் மின்சாரமும் இணையமும் எப்போது போகும் என்று சொல்ல முடியாத தீவில் அது சின்ன விஷயம் இல்லை. புதிதாக வாங்க யோசிக்கிற கடைக்காரர்கள் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வியே அதுதான். "லைன் போனாலும் பில் போடலாம், நான் போட்டிருக்கிறேன், பயப்படாதீர்கள்" என்று அவர் எத்தனை பேருக்கு எழுதினாரோ தெரியாது. அவர் வார்த்தையை நம்பியே வாங்கியவர்கள் உண்டு.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை நிறுவனம் அறிவிப்புப் போட்டது: அடுத்த பதிப்பிலிருந்து அந்த வசதி இருக்காது. பொறியாளர்கள் தரப்பில் காரணம் இருந்தது, அதில் நான் குறை சொல்ல மாட்டேன். இரண்டு கல்லாக்கள் இணையம் இல்லாமல் தனித்தனியாகப் பில் போட்டால் எண்கள் மோதும், அதைப் பிறகு சரிக்கட்டுவது பெரிய தலைவலி. நான் குறை சொல்வது, அந்தப் பெரியவரும் மற்ற எல்லோரையும்போல அன்றைக்குத்தான் அதைப் படித்தார் என்பதை. மறுநாள் சனிக்கிழமை. சந்தைக்கு வந்தவர்கள் அவர் கடை வாசலில் நின்று கேட்டார்கள்: "நீங்கள்தானே சொன்னீர்கள்?" அவரிடம் பதில் இல்லை. எங்கள் அலுவலகமும் திங்கட்கிழமை வரை மூடியிருந்தது.

திங்கட்கிழமை காலையில் அவர் எழுதியது ஒரே வரி: "நான் சொன்னதை நம்பியவர்கள் மன்னிக்க வேண்டும்." அதற்குப் பிறகு அவர் எழுதவே இல்லை. நான் கடைக்கே போனேன். மரியாதையாக டீ கொடுத்தார், குடும்பத்தைப் பற்றி விசாரித்தார், மென்பொருளைப் பற்றிப் பேச்செடுத்தால் "வேண்டாம் தம்பி" என்று நிறுத்திவிட்டார். இதை மேலாளரிடம் சொன்னபோது "ஒரு ஆள்தானே" என்றார். அந்த வார்த்தையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருகிறது. அந்த ஒரு ஆள் இரவில் தீர்த்து வைத்த கேள்விகள் எல்லாம் மறுநாள் காலையில் டிக்கெட்டாக, அதாவது பதிவான புகாராக, எங்கள் மேசைக்கு வர ஆரம்பித்தன. அவர் போனதைப் பார்த்து அவருக்கு அடுத்த வரிசையில் இருந்தவர்களும் மெல்ல ஒதுங்கினார்கள்.

புதியவர்கள் இதை வெறும் 'தகவல் தொடர்புப் பிரச்சினை' என்று நினைக்கிறார்கள். விஷயம் அதைவிட ஆழம். மூத்த பயனர் ஒருவர் நம் பொருளைப் பற்றி நாலு பேருக்கு நல்ல வார்த்தை சொல்லும்போது தன் நாணயத்தை நமக்காகப் பிணை வைக்கிறார். அவருக்குச் சொல்லாமல் நாம் ஒன்றை மாற்றினால், அவரை ஊர் முன்னால் பொய்யராக்குகிறோம். வசதி போனதைக்கூட அவர் பொறுத்துக்கொள்வார், அதைப் பொறுக்க மாட்டார்.

பெரிய நிறுவனங்களும் இதற்கு விலை கொடுத்திருக்கின்றன. விவாதத் தளமான ரெடிட், வெளிச் செயலிகள் தன் தரவைப் பயன்படுத்தக் கட்டணம் வைக்கப்போவதை எதிர்த்து 2023 ஜூனில் ஆயிரக்கணக்கான சப்ரெடிட்டுகளை, அதாவது அதன் உள் குழுக்களை, அவற்றைக் கவனித்துக்கொள்ளும் தன்னார்வ மாடரேட்டர்களே இழுத்து மூடினார்கள். ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டாலர் ஆகும் என்று கணக்குப் போட்ட அப்பல்லோ என்ற வெளிச் செயலி அந்த மாதக் கடைசியில் கடையைக் கட்டியது. அதே ஜூனில் மென்பொருளாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவின் மாடரேட்டர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஏஐ எழுதிய பதில்களை நீக்குவதற்கு நிறுவனம் மேலிருந்து போட்ட தடைதான் காரணம், ஆகஸ்டில்தான் அது முடிந்தது. இரண்டு இடத்திலும் கோபப்பட்டவர்கள் வழிப்போக்கர்கள் இல்லை, சம்பளம் வாங்காமல் இடத்தைப் பெருக்கித் துடைத்து வைத்திருந்தவர்கள்.

சரி, என்ன செய்யலாம்? யார் யார் பெரும்பாலான பதில்களை எழுதுகிறார்கள் என்று பெயர் பெயராகப் பட்டியல் வைத்திருங்கள். கெட்ட செய்தி வரப்போகிறது என்றால் ஒரு வாரம் முன்னால் அவர்களுக்குப் போன் போடுங்கள். மின்னஞ்சல் போதாது, குரல் கேட்க வேண்டும். அறிவிப்பின் வரைவைக் காட்டுங்கள், எந்த வரி வயிற்றெரிச்சலைக் கிளப்பும் என்று அவர்கள் உடனே சொல்வார்கள், நம் மார்க்கெட்டிங் ஆட்களால் அதைச் சொல்ல முடியாது. முடிவு மாறாது என்றால் மாறாது என்றே சொல்லுங்கள். "உங்கள் கருத்தைப் பரிசீலிக்கிறோம்" என்று பூசி மெழுகினால் அது இன்னொரு அவமதிப்பு. செய்தி கசிந்துவிடும் என்று மேலாளர்கள் பயப்படுவார்கள். கசிந்தாலும் நான் மேலே சொன்ன இழப்பைவிட அது சின்னது, அதுவும் நம்பிச் சொன்னதைக் காப்பாற்றுகிறவர்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். பங்குச் சந்தையில் இருக்கிற நிறுவனம், விலையைப் பாதிக்கும் செய்தி, முன்னதாகச் சொல்லச் சட்டம் இடம் தராது என்றால் அது வேறு. அப்போது அறிவிப்பு வெளியான அடுத்த நிமிடம் நீங்கள் போனில் இருக்க வேண்டும், வெள்ளிக்கிழமை மாலை அறிவிப்பு போடவே கூடாது.

தன்னார்வலர்களுக்கு ஷிஃப்ட் போடுவது

மேலே சொன்னதைப் படித்துவிட்டு, அவர்களை இன்னும் நெருக்கமாக வைத்துக்கொள்கிறேன் என்று நேர அட்டவணை, வாராந்திர அறிக்கை, குறைந்தபட்சப் பதில் எண்ணிக்கை என்று கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்க இணைய நிறுவனமான ஏஓஎல் இப்படித்தான் தன் தன்னார்வலர்களை ஊழியர்கள் மாதிரி நடத்தியது. 1999-ல் வழக்குப் போட்டார்கள், 2010-ல் ஒன்றரைக் கோடி டாலர் கொடுத்துத் தீர்த்தது. வேலை வாங்க வேண்டும் என்றால் சம்பளம் கொடுங்கள்.

கிரியோல் தெரியாத ஃபில்டரை நம்பி உட்கார்ந்திருப்பது

இங்கே மக்கள் ஒரே வாக்கியத்தில் கிரியோல், பிரெஞ்சு, ஆங்கிலம் மூன்றையும் கலந்து எழுதுவார்கள். கிரியோலுக்கு அதிகாரபூர்வ எழுத்துமுறை 2011-ல் வந்தது, 2012 முதல் ஆரம்பப் பள்ளிகளிலும் சொல்லிக்கொடுக்கிறார்கள், ஆனால் அதற்கு முன்னால் படித்தவர்கள் காதில் கேட்கிறபடி அவரவர் இஷ்டத்துக்குத்தான் தட்டுகிறார்கள். தகாத பதிவுகளைப் பிடிக்க ஆங்கிலத்துக்காகச் செய்த தானியங்கி ஃபில்டர் இதில் பச்சை வசவை விட்டுவிட்டு அப்பாவிக் கேள்வியைப் பிடித்து நிறுத்தும். நிறுத்தி வைத்த பதிவுகளைத் தினமும் கிரியோல் தெரிந்த ஒருவர் கண்ணால் பார்க்க வேண்டும்.

உறுப்பினர் எண்ணிக்கையைக் காட்டிப் பெருமைப்படுவது

கேட்ட கேள்விக்கு எவ்வளவு நேரத்தில் பதில் கிடைத்தது என்று பாருங்கள். மற்றது வேண்டாம்.

முன்கூட்டியே போட்டு வைத்த பதிவுகளை மறந்துவிடுவது

2024 ஜனவரி 15 அன்று பெலால் சூறாவளியில் தலைநகர் போர்ட் லூயித் தெருக்களில் கார்கள் மிதந்தன. அந்த மாதிரி நாளில் "இந்த வார இனிய டிப்ஸ்!" என்று உங்கள் பக்கத்தில் தானாக ஒன்று வெளியானால் அதை யாரும் லேசில் மறக்க மாட்டார்கள். சூறாவளி எச்சரிக்கை வந்த உடனே வரிசையில் இருப்பதையெல்லாம் நிறுத்துங்கள்.

தைப்பூசக் காவடி அன்று நேரலை வைப்பது

அரசு விடுமுறை. காலண்டரைப் பாருங்கள்.

வாடிக்கையாளரின் விவரத்தைப் பொதுவில் கேட்பது

"உங்கள் போன் நம்பரையும் பில் படத்தையும் இங்கே போடுங்கள், பார்க்கிறோம்" என்று புதியவர்கள் நல்ல மனதோடுதான் எழுதுகிறார்கள். அந்தப் படத்தில் மூன்றாவது ஆளின் பெயரும் முகவரியும் இருக்கும். மொரீஷியஸில் 2017-ன் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பக்கத்துத் தீவான ரியூனியனில் நம் பயனர்கள் நிறைய, நேரமும் நமக்கும் அவர்களுக்கும் ஒன்றுதான், ஆனால் அது பிரான்ஸ், அதாவது ஐரோப்பிய ஒன்றியம். அங்கிருந்து ஒருவர் தன் விவரங்களை அழிக்கச் சொல்லி எழுதினால் ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு விதியான ஜிடிபிஆர் படி பதில் சொல்லப் பொதுவாக ஒரு மாதம்தான் அவகாசம். அந்தக் கடிதம் உங்கள் இன்பாக்ஸில் கிடக்கிற ஒவ்வொரு நாளும் அந்த மாதத்தில் கழிகிறது, அதனால் வந்த அன்றைக்கே சட்டப் பிரிவுக்கு அனுப்பிவிடுங்கள்.