மழை விட்ட மாலையில் ஓர் ஐரிஷ் பப்: வாட்டர்கலரில் வரைவது எப்படி?

டப்ளின், கால்வே, டிங்கிள் என்று பன்னிரண்டு நாள் சுற்றிவிட்டுத் திரும்பியபோது என் ஸ்கெட்ச்புக்கில் பப் படங்கள் மட்டும் ஒன்பது இருந்தன. ஒன்பதிலும் ஒரே குறை. நேரில் கதகதப்பாக இருந்த அறை, தாளில் புகை படிந்த சுவர் மாதிரி செத்துக் கிடந்தது. பிறகு ஒரே பப்பை ஆறு முறை திரும்பத் திரும்ப வரைந்த பின்தான் கோளாறு பிடிபட்டது. பப்பின் இருட்டு கறுப்பு இல்லை. அதற்குள் சிவப்பும் நீலமும் பழுப்பும் உயிரோடு இருக்கின்றன. இந்தப் பதிவில் அதைத்தான் அதிகம் பேசப் போகிறேன். வாஷ் (நீர்த்த வண்ணப் பூச்சு) போடுவது, பென்சில் பிடிப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. எங்கே, எப்போது நிற்பது

வெளிச்சம் மங்கி, விளக்கு ஏறும் அந்த இருபது நிமிடம்தான் வேண்டும். டப்ளினில் டிசம்பரில் நாலு மணி சுமாருக்கே சூரியன் இறங்கிவிடும். அப்போது தெருவில் கூட்டம் குறைவு, வரைய வசதி. ஜூனில் போனால் அந்த நிறத்துக்காக இரவு பத்து மணி வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் பப்கள் நிறைந்த டெம்பிள் பார் பகுதியில் நிற்கக்கூட இடம் கிடைக்காது.

பப்பின் முகப்பை வரைய எதிர்ச்சாரியில் நில்லுங்கள். டப்ளின் பப்களையும் தெருக்களையும் ஆசையோடு வரைந்தவர் ஹாரி கெர்னோஃப் (1900–1974). 'பெய்லியிலிருந்து டேவி பர்ன்ஸ் பப்' என்பது அவர் 1941ல் வரைந்த ஒரு படத்தின் பெயர். பெய்லியும் டேவி பர்ன்ஸும் டப்ளின் டியூக் தெருவில் எதிரெதிரே இருக்கும் பப்கள். எங்கிருந்து பார்த்தார் என்பதைப் பெயரிலேயே சொல்லிவிட்டார்.

உள்ளே வரைவதென்றால் ஸ்னக் கிடைக்கிறதா என்று பாருங்கள். மரத்தடுப்புப் போட்ட குட்டி அறை அது. வெளியே தெரியாமல் குடிக்க விரும்பியவர்களுக்காக, முக்கியமாகப் பெண்களுக்காக, அந்தக் காலத்தில் வைத்தது. டப்ளினில் பேகட் தெரு டோனர்ஸ் பப்பிலும் சவுத் ஆன் தெரு கீயோஸ் பப்பிலும் இன்றும் இருக்கிறது. பார்மேனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உட்காருங்கள். டீ கேட்டாலும் தருவார்கள். இசை செஷன் நடக்கும் மூலையை மட்டும் வாத்தியக்காரர்களுக்கு விட்டுவிடுங்கள்.

2. தாளும் வண்ணமும்

300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை), நூறு சதவீதப் பருத்தி, கோல்ட் பிரஸ் (லேசான சொரசொரப்பு). இதில் மட்டும் சிக்கனம் வேண்டாம். நான் ஆர்ஷ் தாள்தான் வாங்குவேன். மலிவான தாளில் இரண்டாம் பூச்சு போட்டால் கீழே உள்ளது கிளம்பி வந்துவிடும், இருட்டே வராது.

வண்ணம் ஐந்து போதும்: அல்ட்ராமரீன் (நீலம்), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), அலிசரின் கிரிம்சன் (கருஞ்சிவப்பு), யெல்லோ ஆக்கர் (மண் மஞ்சள்), பளிச்சென்ற ஒரு மஞ்சள். கறுப்பு ட்யூபைப் பெட்டியிலிருந்தே எடுத்துவிடுங்கள். பிரஷ் மூன்று: 10ஆம் நம்பர் ரவுண்ட், ஓர் அங்குல ஃபிளாட், எழுத்துக்கு ஒரு ரிகர் (நீண்ட மெல்லிய பிரஷ்). மாஸ்க்கிங் ஃப்ளூயிட் (வெள்ளையாக விட வேண்டிய இடத்தை மூடி வைக்கும் திரவம்) எனக்குப் பிடிக்காது. விளக்கின் ஓரம் கத்தரித்து ஒட்டியது போல ஆகிவிடும்.

பேனா பிடிப்பவர்களுக்கு: வாட்டர்ப்ரூஃப் என்று அச்சடித்த ஒரு பேனாவை நம்பி, கால்வே குவே தெருப் படம் முழுவதையும் இழந்தேன். ஓரத்தில் ஒரு கோடு போட்டு, ஐந்து நிமிடம் விட்டு, ஈர பிரஷால் தேய்த்துப் பார்த்த பிறகு ஆரம்பியுங்கள்.

3. கோட்டுப்படம்

பப் பெயர்ப்பலகைதான் இங்கே எல்லோரையும் கவிழ்ப்பது. அயர்லாந்தில் குடும்பப் பெயரே கடைப் பெயராக வாசலுக்கு மேல் பெரிதாக இருக்கும். தெரு சாய்ந்து ஓடும்போது எழுத்தும் சாய வேண்டும். பலகையை வரைந்ததும் மூலைக்கு மூலை இரண்டு கோடு இழுங்கள். அவை வெட்டும் இடம்தான் பலகையின் நடு. நடு எழுத்தை முதலில் வைத்துவிட்டு இருபக்கமும் நிரப்பிக்கொண்டு போங்கள். இடமிருந்து எழுத ஆரம்பித்தால் கடைசி இரண்டு எழுத்துக்கு இடம் இருக்காது.

4. வெளிச்சம் முதலில்

விளக்கு, ஜன்னல், கண்ணாடிகளில் விழும் மினுக்கு: இந்த இடங்களைச் சின்ன வட்டமாகக் குறித்துவிட்டு, அதைத் தவிர மற்றதெல்லாம் டீ டிகாஷன் அளவுக்கு நீர்த்த யெல்லோ ஆக்கரால் நனையுங்கள். விளக்கை ஒட்டிக் கொஞ்சம் மஞ்சள். வட்டத்துக்குள் வெறும் தாள்.

பழைய படங்களில் வருவது போல விளக்கைச் சுற்றிப் புகைமூட்டம் வேண்டாம். 2004 மார்ச்சிலிருந்து அங்கே பப்புக்குள் புகைபிடிக்கத் தடை. காற்று தெளிவாக இருக்கிறது, விளக்கும் தெளிவாகத் தெரிகிறது.

5. இருட்டு (இங்கேதான் நான் மாட்டினேன்)

டப்ளினில் லாங் ஹால் என்ற பப்பில் உட்கார்ந்து பார்த்தால் புரியும். மரம், கண்ணாடி, சிவப்பு எல்லாம் ஒன்றின் நிறத்தை ஒன்றில் கொட்டிக்கொண்டிருக்கும். பாருக்கு அடியில் உள்ள நிழல்கூடச் செம்பழுப்பு.

அல்ட்ராமரீனையும் பர்ன்ட் சியன்னாவையும் தனித்தனியாக, கெட்டித் தயிர் பதத்தில் எடுங்கள். பேலட்டில் போட்டுக் கலக்காதீர்கள். முதல் பூச்சு நன்றாகக் காய்ந்த தாளில் சியன்னாவை வையுங்கள், அது ஈரமாக இருக்கும்போதே பக்கத்தில் நீலத்தை வையுங்கள், இரண்டும் தாளிலேயே சேரட்டும். விளக்குப் பக்கம் சியன்னா கூட, மூலைப் பக்கம் நீலம் கூட. நடுவில் ஒரு சொட்டு அலிசரின். அவ்வளவுதான், கையை எடுத்துவிடுங்கள். காய்ந்தால் வெளுத்துவிடும், அதனால் போதும் என்று தோன்றுவதைவிட ஒரு படி கெட்டியாகவே வையுங்கள்.

நான் செய்த தவறு, பாதி ஈரத்தில் மறுபடி தொட்டது. தொட்ட இடமெல்லாம் சேறாகிவிடும். புறங்கையைத் தாளில் வையுங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை. அயர்லாந்தின் ஈரக்காற்றில் எனக்கு ஒரு பூச்சுக்கு அரைமணி நேரம்கூட ஆனது.

மேஜையில் ஒரு கின்னஸ் கோப்பை இருந்தால் அதையே பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். பார்க்கக் கறுப்பு. தூக்கி விளக்குக்கு நேரே பிடித்தால் ஓரத்தில் மாணிக்கச் சிவப்பு தெரியும், வறுத்த பார்லியின் நிறம் அது. கோப்பையின் அடிப்பக்க ஓரத்தில் அலிசரினும் சியன்னாவும் கலந்து ஒரு மெல்லிய கீற்று விட்டுவிட்டு மற்றதை இருட்டாக்குங்கள். மேலே உள்ள நுரை வெள்ளை இல்லை, பாலாடை நிறம். ஆக்கரில் தோய்த்த பிரஷைக் கழுவிய தண்ணீர் போதும். இந்த ஒரு கோப்பை சரியாக வந்த நாளில்தான் முழு அறையும் எனக்கு வசப்பட்டது.

6. ஈரத்தெரு

நிழல் சாயும், பிரதிபலிப்பு சாயாது. விளக்கு எந்தப் பக்கம் இருந்தாலும் ஈரத்தரையில் அதன் ஒளி நேர்கீழே, உங்களை நோக்கித்தான் இறங்கும். ஃபிளாட் பிரஷால் மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. ஈரம் போகுமுன் சுத்தமான பிரஷைக் குறுக்கே ஒருமுறை ஓட்டினால் தண்ணீர் கிடக்கும் தரை வந்துவிடும். வெளிச்சமானவை தரையில் ஒரு படி மங்கும், இருட்டானவை ஒரு படி வெளுக்கும்.

கல் பாவிய தெருவில் எல்லாக் கல்லையும் வரையாதீர்கள். காலடியில் பதினைந்து இருபது கல், அதற்கு மேல் வெறும் வாஷ். கண்ணே மீதியைப் போட்டுக்கொள்ளும்.

மனிதர்களை வரையக் கற்க, டப்ளின் மெரியன் சதுக்கத்தில் உள்ள தேசியக் கலைக்கூடத்தில் ஐரிஷ் ஓவியர் ஜாக் பி. யீட்ஸின் 'லிஃபி நீச்சல்' முன் கொஞ்ச நேரம் நில்லுங்கள், நுழைவு இலவசம். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கின் கலைப் போட்டியில் வெள்ளி வாங்கிய ஓவியம். பெயர் நீச்சல், ஆனால் வேடிக்கை பார்க்கும் கூட்டத்துக்குள்ளேயே நம்மை நிறுத்திவிடுகிறார். தெருப் படத்திலும் முன்னால் ஒரு முதுகு, ஒரு தொப்பி இருட்டாக வையுங்கள். பார்ப்பவரும் அந்தத் தெருவில் நிற்பார்.

சேர்த்தது: மதுரையிலிருந்து ஒரு வாசகி, "சித்திரை வெயிலில் வாஷ் போட்ட வேகத்தில் காய்கிறது, நீலமும் சியன்னாவும் சேரவே மாட்டேன் என்கிறது" என்று எழுதியிருந்தார். தாளை இரண்டு பக்கமும் நனைத்து, கண்ணாடிப் பலகை மேல் ஒட்டினாற்போல வைத்து வரையுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். நானே வீட்டில் செய்து பார்த்தேன், போதுமான நேரம் கிடைக்கிறது.

இன்னொன்று: போட்டோவைப் பார்த்து வரைபவர்கள் பலர் இருட்டே வரவில்லை என்கிறார்கள். போன் கேமரா இருட்டை வெளுப்பாக்கி, விளக்கை வெள்ளைத் திட்டாக்கிவிடுகிறது. இரண்டு படம் எடுங்கள். திரையில் விளக்கைத் தொட்டு ஒன்று, நிழலைத் தொட்டு ஒன்று. முதலாவதைப் பார்த்து விளக்கின் நிறத்தையும், இரண்டாவதைப் பார்த்து இருட்டுக்குள் என்னென்ன இருக்கிறது என்பதையும் எடுத்துக்கொள்ளுங்கள். இருட்டு எவ்வளவு ஆழம் என்பதை மட்டும் அங்கே உட்கார்ந்திருக்கும்போதே பென்சிலில் குறித்துக்கொண்டு வந்துவிடுங்கள்.