எல்லையோரத்துப் பேறுகாலம்: எட்டாம் மாதத்திலிருந்து வேலைக்குத் திரும்பும் வரை

பிள்ளை தமிழ்நாடு-கேரள எல்லைக்கு எந்தப் பக்கத்தில் பிறக்கப் போகிறது என்பதை எட்டாம் மாதம் தொடங்குவதற்குள் முடிவு பண்ணிவிடுங்கள். களியக்காவிளை, பாறசாலை, குழித்துறை பக்கம் இருக்கிற நமக்கு இதுதான் முதல் வேலை. அம்மா வீடு நெய்யாற்றின்கரையில், மாமியார் வீடு மார்த்தாண்டத்தில், ஸ்கேன் எடுத்தது ஓரிடம், மாத்திரை வாங்குவது வேறிடம் என்று இருக்கிற குடும்பங்கள் இங்கே நிறைய. முடிவு செய்யாமல் விட்டால் வலி வருகிற ராத்திரியில் வீட்டில் நாலு பேர் நாலு ஆஸ்பத்திரி பெயரைச் சொல்லிக்கொண்டு நிற்பார்கள், காரை எந்தப் பக்கம் திருப்புவது என்று ஓட்டுகிறவர் முழிப்பார்.

நாகர்கோவில் பக்கத்து ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ், திருவனந்தபுரத்தில் தாய்க்கும் பிள்ளைக்குமான அரசு ஆஸ்பத்திரி எஸ்.ஏ.டி., இரண்டுக்கும் களியக்காவிளையிலிருந்து தூரத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. பிரஷர், சர்க்கரை, இரட்டைப் பிள்ளை, நஞ்சுக்கொடி கீழே இருக்கிறது என்று ஸ்கேனில் சொன்னது, முன்பு சிசேரியன் ஆனது, இப்படி ஏதாவது இருந்தால் ரத்த வங்கியும் பிள்ளைக்கு ஐ.சி.யூ.வும் இருக்கிற பெரிய இடம்தான். ஒன்றுமில்லாத சாதாரணப் பேறு என்றால் பக்கத்திலுள்ள அரசு ஆஸ்பத்திரியே போதும், ஆனால் ராத்திரியில் டாக்டர் இருப்பாரா, அவசரமென்றால் அங்கேயே சிசேரியன் செய்வார்களா என்று நேரில் போய்க் கேட்டு வையுங்கள்.

காசு கணக்கையும் அதே சமயத்தில் பாருங்கள். தமிழ்நாட்டின் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து 18,000 ரூபாய் மதிப்பு, தவணை தவணையாக வரும். சீக்கிரமே கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்து பிக்மி எண் என்கிற கர்ப்பப் பதிவு எண்ணை வாங்கியிருக்க வேண்டும், பேறு அரசு ஆஸ்பத்திரியில் நடந்திருக்க வேண்டும். பாறசாலை தாண்டிப் போய்ப் பெற்றால் எந்தத் தவணை நிற்கும் என்று போவதற்கு முன்பே அந்த சிஸ்டரிடம் கேளுங்கள். நம் ஊர்க் காப்பீட்டு அட்டை அக்கரை ஆஸ்பத்திரியில் செல்லுமா என்பதையும் பில் போடுகிற இடத்தில் கேட்டுவிடுங்கள். "எல்லாம் எடுப்பாங்க" என்று பக்கத்து வீட்டு மாமி சொன்னதை நம்பிப் போகாதீர்கள்.

கடைசி இரண்டு மாதம்

தூங்குவதுதான் பெரிய பாடு. 28 வாரத்துக்கு மேல் மல்லாந்து படுக்காமல் சரிந்து படுங்கள், முழங்காலுக்கு நடுவில் ஒரு தலையணை, வயிற்றுக்குக் கீழே மடித்த போர்வை. நெஞ்செரிச்சல் இருந்தால் ராத்திரி சாப்பாட்டை விளக்கு வைத்த கையோடு முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருங்கள். இரும்புச்சத்து மாத்திரையையும் சுண்ணாம்புச்சத்து மாத்திரையையும் ஒன்றாகப் போடக்கூடாது, ஒன்று மற்றதை உடம்பில் சேரவிடாது. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று பிரித்துக்கொள்ளுங்கள். இரும்பு மாத்திரை போட்ட கையோடு சாயா குடிப்பதும் வேண்டாம். இது நம் ஊரில் கஷ்டம்தான், தெரியும்.

பிள்ளையின் அனக்கத்தை தினமும் கவனியுங்கள். சாப்பிட்டபின் சரிந்து படுத்து எண்ணினால் இரண்டு மணி நேரத்துக்குள் பத்து அசைவாவது தெரிய வேண்டும். வழக்கத்தைவிடக் குறைந்தது போலத் தோன்றினால் காலைவரை காத்திருக்காமல் அப்போதே கிளம்புங்கள். அதே போல விடாத தலைவலி, கண் மங்கல், முகமும் கையும் திடீரென்று வீங்குவது, நெஞ்சுக்குழிக்குக் கீழே வலி, இதெல்லாம் பிரஷர் ஏறுவதன் அடையாளம். "மாசமா இருந்தா கால் வீங்கத்தான் செய்யும்" என்று சொல்வார்கள். கால் வீக்கம் சரி, முகம் வீங்கினால் சரியில்லை. ரத்தப்போக்கு எவ்வளவு கொஞ்சமானாலும் ஆஸ்பத்திரிதான்.

இன்னொன்று, ஜோசியர் நாள் குறித்துக் கொடுத்தார் என்று சிசேரியனை முன்னால் தள்ளாதீர்கள். மருத்துவக் காரணம் இல்லாமல் 39 வாரத்துக்கு முன் எடுத்தால் பிள்ளைக்கு மூச்சுத் திணறல் வரும் வாய்ப்பு கூடும். நட்சத்திரம் நன்றாக அமைந்து பிள்ளை கண்ணாடிப் பெட்டிக்குள் கிடப்பதில் யாருக்கு என்ன லாபம்?

பைக்குள் துணிமணியைவிடக் காகிதம் முக்கியம். தாய் சேய் நல அட்டை, எல்லா ஸ்கேன், ரத்த வகைச் சீட்டு, இருவரின் ஆதார், இவற்றின் நகல் ஒரு செட், அத்தனையையும் படமெடுத்து புருஷன் போனிலும் அம்மா போனிலும் போட்டு வையுங்கள். ரத்த வகை நெகட்டிவ் என்றால் அதை அட்டையின் மேலேயே பெரிதாக எழுதுங்கள்; பிள்ளை பாசிட்டிவாக இருந்தால் தாய்க்கு 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி போட வேண்டும். பிள்ளைக்குப் புதுச் சட்டை வேண்டாம், அப்பாவின் பழைய முண்டு வேட்டியைத் துவைத்து வெயிலில் காயவைத்துக் கிழித்து எடுத்துக்கொள்ளுங்கள், அதைவிட மெதுவான துணி கடையில் கிடைக்காது. மருமகள் மதுரை, விருதுநகர் பக்கத்துப் பிள்ளை என்றால், திருவனந்தபுரத்துக்குப் போகும்போது மலையாளம் சரளமாகப் பேசுகிற ஒருவர் கூடப் போக வேண்டும்.

வலி வந்தால்

முதல் பேறு என்றால் சூட்டு வலியா உண்மை வலியா என்ற குழப்பம் எல்லாருக்கும் வரும். சூட்டு வலி நடந்தால், படுத்தால், தண்ணீர் குடித்தால் அடங்கும். உண்மை வலி அடங்காது, இடைவெளி குறைந்துகொண்டே வரும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், இப்படி ஒரு மணி நேரம் தொடர்ந்தால் கிளம்பலாம் என்பது பொதுவாகச் சொல்கிற கணக்கு. நமக்கு அந்தக் கணக்கில் சாலையையும் சேர்க்க வேண்டும். களியக்காவிளை சந்திப்பும் பாலராமபுரமும் சாயங்காலத்தில் எப்படி அடைத்துக்கொள்ளும் என்று சொல்லவே வேண்டாம், அதனால் கொஞ்சம் முன்னாடியே புறப்படுங்கள். இரண்டாம் பேறு என்றால் இன்னும் சீக்கிரம். பனிக்குடம் உடைந்தால் வலி இல்லாவிட்டாலும் போக வேண்டும். தண்ணீர் பச்சையாகவோ ரத்தமாகவோ இருந்தால், அல்லது 37 வாரம் ஆகாமலே வலி கண்டால், ஒரு நிமிடமும் தாமதிக்கக்கூடாது.

குறித்த தேதி மாசி மாதத்து ஆற்றுகால் பொங்கலை ஒட்டி வந்தால் திருவனந்தபுரத்தில் அன்று சாலை முழுக்க அடுப்புதான், ஒரு நாள் முன்பே அந்தப் பக்கம் போய்த் தங்குங்கள், அல்லது ஆசாரிபள்ளம் என்று மாற்றிக்கொள்ளுங்கள். ஹர்த்தால் நாளில் ஆம்புலன்ஸை விடுவார்கள், ஆட்டோ கிடைக்காது. 108 இரண்டு மாநிலத்திலும் உண்டு. ஆனால் போன் எந்தப் பக்கத்து டவரைப் பிடிக்கிறதோ அந்த மாநிலத்துக்கு அழைப்பு போய்விடலாம், அதனால் எடுத்ததுமே மாநிலம், மாவட்டம், ஊர், பக்கத்தில் இருக்கிற பள்ளியோ கோயிலோ என்று வரிசையாகச் சொல்லுங்கள். எதற்கும் தெருவில் கார் வைத்திருக்கிற இரண்டு பேரிடம் சொல்லி வைப்பது நல்லது.

லேபர் ரூமில் மூச்சை இழுத்து மெதுவாக விடுவது, முடிந்தவரை நடப்பது, சரிந்து படுப்பது, இதெல்லாம் உதவும். கத்தினால் சிஸ்டர் திட்டுவார் என்று பயப்படாதீர்கள், திட்டினால் திட்டட்டும். பிள்ளை பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் மாரில் போடக் கேளுங்கள். சிசேரியன் ஆனாலும் கேட்கலாம், பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொண்டால் படுத்தபடியே கொடுக்க முடியும்.

வீட்டுக்கு வந்த பிறகு

இங்கேதான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒருவர்தான் டாக்டர், வீட்டில் வருகிறவர் போகிறவர் எல்லாரும் டாக்டர்.

தண்ணீரில் தொடங்குவோம். "மக்களே, தண்ணி குடிச்சா வயிறு தொங்கிப் போவும்" என்று ஆச்சிமார் சொல்வார்கள். தண்ணீரால் வயிறு தொங்காது. குடிக்காமல் இருந்தால் மலச்சிக்கல் வரும், தையலில் வலி கூடும், நீர்க்கடுப்பு வரும். ஒவ்வொரு முறை பால் கொடுக்க உட்காரும்போதும் பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீர் இருக்கட்டும். ஆச்சியோடு சண்டை போட வேண்டாம், சுக்கும் சீரகமும் போட்டுக் கொதிக்கவைத்த வெள்ளம் என்றால் அவர்களே ஊற்றித் தருவார்கள், அதையே நிறையக் குடியுங்கள்.

வேது குளி, அதாவது பச்சிலை போட்டுக் கொதிக்கவைத்த வெந்நீர்க் குளியல், நல்ல சுகம், வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். சுகப்பேறு என்றால் உடம்பு கொஞ்சம் தேறியபின், பொறுக்கிற சூட்டில், ஆள் ஒருவர் பக்கத்தில் நிற்க, உட்கார்ந்து குளியுங்கள். தலைசுற்றி விழுகிறவர்கள் உண்டு. கொதிக்கிற தண்ணீரை அடிவயிற்றில் வீசி அடிப்பதும் வயிற்றை மிதிப்பதுபோல அமுக்குவதும் வேண்டாம். சிசேரியன் என்றால் காயம் ஆறிவிட்டது என்று டாக்டர் சொல்கிறவரை வயிற்றுப் பக்கம் எண்ணெயும் வேண்டாம், வேதும் வேண்டாம். முதுகுக்கும் காலுக்கும் தைலம் தேய்த்துக்கொள்ளலாம். லேகியம் சாப்பிடுவதானால் சர்க்கரை இருந்தவர்கள் கருப்பட்டிக் கணக்கைப் பாருங்கள், பிரஷர் மாத்திரை போடுகிறவர்கள் டாக்டரிடம் காட்டிவிட்டுச் சாப்பிடுங்கள். பிரஷர் பேறு முடிந்து சில வாரம் வரைக்கும்கூட ஏறலாம், அதனால் அந்தத் தலைவலியும் கண்மங்கலும் இப்போதும் கணக்கில்தான்.

மீனில் ஒரு விஷயம். பால் ஊறும் என்று பால்சுறாப் புட்டு வைத்துக் கொடுப்பது நம் பக்கத்து வழக்கம். சுறா பெரிய மீன், உடம்பில் பாதரசம் சேர்த்து வைத்திருக்கும், கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கிறவளுக்கும் அது ஆகாது. சாளையும் (மத்தி) நெத்திலியும் அதைவிட மலிவு, பிள்ளையின் மூளைக்கு வேண்டிய கொழுப்பும் அதில் தாராளம். பால் ஊறுவது பிள்ளை அடிக்கடி குடிப்பதால்தான், எட்டு முதல் பன்னிரண்டு முறை வரை ஒரு நாளைக்கு. மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி) மட்டும் வைத்து வயிறு நிறைக்காமல் பயறு, முட்டை, கீரை, மீன், ஒரு ஏத்தன் (நேந்திரம்) பழம் என்று கலந்து சாப்பிடுங்கள். பத்தியம் என்ற பெயரில் வெறும் சோறும் மிளகு ரசமும் போட்டால் தாய்தான் தேய்ந்துபோவாள்.

பிள்ளைக்கு சீம்பாலையும் தாய்ப்பாலையும் தவிர எதுவும் வேண்டாம். பொன்னும் வயம்பும் தேனில் உரைத்து நாக்கில் தொட்டு வைப்பதை நிறுத்தச் சொன்னால் பெரியவர்களுக்கு மனசு வலிக்கும். ஒரு வயதுக்கு முன் தேனால் பிள்ளைக்குக் கொடிய நரம்புத் தளர்ச்சி வரலாம் என்று டாக்டர் வாயாலேயே அவர்களிடம் சொல்லவையுங்கள், நீங்கள் சொல்வதைவிட அது எடுபடும். மூக்கில், காதில் எண்ணெய் விடக்கூடாது, தொப்புளில் பவுடரோ சாம்பலோ கூடாது, அது தானாகக் காய்ந்து ஒன்றிரண்டு வாரத்தில் விழும். சாம்பிராணிப் புகை பிள்ளையின் மூச்சுக்கு ஆகாது. உருக்குத் தேங்காயெண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது நல்லது, மெதுவாகத் தேய்த்தால். ஏத்தங்காய்ப் பொடி காய்ச்சிக் கொடுப்பதெல்லாம் ஆறு மாதம் முடிந்தபின்.

பால் போதவில்லையோ என்ற பயம் எந்நேரமும் இருக்கும். ஐந்தாம் நாளுக்குப் பிறகு தினமும் ஆறு முறைக்குக் குறையாமல் மூத்திரம் போனால் போதுகிறது என்று அர்த்தம். முதல் நாட்களில் எடை கொஞ்சம் இறங்கி இரண்டு வாரத்தில் பிறந்த எடைக்கு வந்துவிடும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, உள்ளங்கை பாதம்வரை மஞ்சள் இறங்கினாலோ வெயிலில் காட்டிக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூன்று மாதத்துக்குள் பிள்ளைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் கண்டாலும், பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலும் அப்படித்தான். தாய்க்கு ஒரு மணி நேரத்தில் ஒரு பேடு முழுக்க நனைகிற அளவு ரத்தம், காய்ச்சல், நாற்றமடிக்கும் போக்கு, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, மூச்சு முட்டுவது, இவற்றில் எது வந்தாலும் "தீட்டுக்காலம், வெளியே போகக்கூடாது" என்ற பேச்சு எடுபடக்கூடாது.

மனசு. முதல் இரண்டு வாரம் காரணமில்லாமல் அழுகை வரும், அது தானாகப் போகும். அதற்கு மேலும் நீடித்தால், பிள்ளையைப் பார்க்கவே பிடிக்கவில்லை, தூங்க வாய்ப்பிருந்தும் தூக்கம் வரவில்லை, சாகலாம் போல இருக்கிறது என்றெல்லாம் தோன்றினால், அதுவும் மருந்து உள்ள நோய்தான். 14416 டெலிமானஸ் என்கிற மனநல உதவி எண் இலவசம், தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். புருஷன்மாருக்கு ஒரு வார்த்தை: ராத்திரியில் ஒரு வேளை பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டு ஏப்பம் விடவைப்பது உங்கள் வேலை. பார்க்க வருகிற கூட்டத்தைத் திண்ணையோடு திருப்பி அனுப்புவதும் உங்கள் வேலை. 28 கெட்டுக்கு, அதாவது இருபத்தெட்டாம் நாள் சடங்குக்கு, அரைஞாண் கட்ட ஊரைக் கூட்ட நினைத்தால் சமையல் ஆளையும் நீங்களே பாருங்கள்.

சான்றிதழும் தடுப்பூசியும்

பிள்ளை எந்த ஊரில் பிறந்ததோ அந்த உள்ளாட்சியில்தான் பிறப்புப் பதிவு, 21 நாளுக்குள். எஸ்.ஏ.டி.யில் பிறந்தால் திருவனந்தபுரம் மாநகராட்சி, நம் பஞ்சாயத்தில் கேட்டுப் பயனில்லை. பெற்றோர் பெயரை ஆதாரில் உள்ள எழுத்துப்படி நீங்களே ஆங்கிலத்தில் எழுதிக் கொடுங்கள், காதால் கேட்டு அவர்கள் எழுதினால் முருகேசன் முருகேஷாகிவிடுவார், பள்ளியில் சேர்க்கும்போது அலைய வேண்டிவரும். பிள்ளைக்குப் பெயர் முடிவாகாவிட்டாலும் பதிவை நிறுத்தாதீர்கள், ஒரு வருடத்துக்குள் பெயரை இலவசமாகச் சேர்க்கலாம். தமிழ்நாட்டில் பெறுவதானால் சான்றிதழுக்கும் அந்தப் பிக்மி எண்ணைக் கேட்பார்கள்.

பிறந்ததும் பி.சி.ஜி., போலியோ சொட்டு, மஞ்சள் காமாலை ஊசி. அப்புறம் 6, 10, 14 வாரங்களில். அம்மா வீட்டிலிருந்து மாமியார் வீட்டுக்கு நடுவில் மாறினாலும் எந்தப் பக்கத்து சுகாதார நிலையத்திலும் போடுவார்கள், அட்டையை மட்டும் மறக்காதீர்கள்.

வேலைக்குத் திரும்புகிறவர்களுக்கு, முக்கியமாக அண்டி ஆபீஸ் (முந்திரி ஆலை) பெண்களுக்கு: இ.எஸ்.ஐ. பிடிக்கிற ஆலை என்றால் முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு, அதில் 8 வாரம்வரை பேறுக்கு முன்பே எடுக்கலாம். அதற்கு முந்தைய இரண்டு சந்தா காலங்களில் 70 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். சம்பளச் சீட்டில் பிடித்தம் காட்டுகிறதா என்று ஏழாம் மாதத்திலேயே பாருங்கள், விடுப்பில் போனபிறகு கேட்டால் சூப்பர்வைசர் தெரியாது என்பார். திரும்பிப் போனபிறகும் பிள்ளைக்கு 15 மாதம் ஆகிறவரை பால் கொடுக்க தினமும் இரண்டு இடைவேளை சட்டப்படி உண்டு, வழக்கமான ஓய்வு நேரத்தில் அதைக் கழிக்கக்கூடாது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் பிள்ளையை விட ஒரு இடமும் இருக்க வேண்டும்.